காலிக் கட்டம்

அருள்பாண்டிக்கு முதலில் அநியாயம் செய்தவர் பீமாராவ் வாத்தியார். மூன்றாம் வகுப்பில், பச்சைக்கிளிக்குப் பச்சை தீட்டியதற்காகப் பிரம்பால் விளாசியவர். "எங்கிட்டயே சேட்டையா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவர்.

அன்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய அருள்பாண்டி, அதன்பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஐம்பத்தைந்து வருஷம் ஆயிற்று. வாத்தியாரே போய்ச் சேர்ந்துவிட்டார். கோபம் மட்டும் போகவில்லை.

இப்போது பேரன் அஸ்வத்தின் காலாண்டு ரேங்க் கார்டு. இரண்டாம் வகுப்பு. தமிழில் ஏ, கணக்கில் ஏ, பாட்டில்கூட ஏ. ஓவியம் என்ற கட்டம் மட்டும் காலி. கீழே ஒரு வரி: 'வீட்டுப் பெரியவர்கள் நேரில் வரவும்.'

"படம்தானேப்பா, விடுங்க. கணக்குல ஏ வாங்கிட்டான்ல?" என்றாள் மகள் அன்னக்கொடி.

"வேண்டாததுக்கு எதுக்கு கார்டுல கட்டம் போட்டு வச்சிருக்காங்க? எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கெளம்பு. அந்தக் கட்டத்துல ஒரு எழுத்தை வாங்காம வீடு திரும்ப மாட்டேன்."

மாட்டுத்தாவணியில் அவருக்குத் தக்காளிக் கடை. பழத்தை விரலால் அமுக்கித்தான் தரம் பிரிப்பார். கண்ணால் பார்த்துப் பிரிக்கிறவனை வேலைக்கே வைக்க மாட்டார். அந்தக் கடையை அப்படியே போட்டுவிட்டு, மகளோடு பள்ளிக்கூடம் போனார்.

ஆயிஷா சித்திகா டீச்சர் எழுந்து நாற்காலி போட்டார். அருள்பாண்டி உட்காரவில்லை.

"ஏம்மா, நாப்பது பிள்ளைக்கு மார்க்கு போட்ட கை, எம்பேரனுக்கு மட்டும் சுளுக்கிக்கிருச்சா?"

"நீங்க வரணும்னுதான்யா போடாம வச்சேன்."

"வந்துட்டேன்ல. போடுங்க."

டீச்சர் ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "திருவிழாவுல பார்த்ததை வரையச் சொன்னேன்."

வைகை ஆறு. தங்கக் குதிரையில் அழகர். ஓரத்தில், மீசைக்காரர் ஒருவர் தோளில் ஒரு பொடியன்.

அருள்பாண்டியின் குரல் சற்று இளகியது. "நாந்தான் தூக்கிட்டுப் போனேன். இதுல என்ன குத்தம் கண்டீங்க?"

"இந்த வருஷம் அழகர் என்ன பட்டு உடுத்தி ஆத்துல எறங்குனார்யா?"

"பச்சை. வெளைச்சல் அமோகமா இருக்கும்னு ஊரே பேசுச்சே."

"எங்க தெருவுலயும் அதான் பேச்சு. சரி, இந்தப் படத்துல?"

"இதுலயும் பச்சைதான். உங்களுக்குக் கண்ணு தெரியலையா? பய பார்த்ததைப் பார்த்தபடி போட்டிருக்கான்."

டீச்சர் அன்னக்கொடியைப் பார்த்தார்.

அன்னக்கொடி படத்தைக் கையில் எடுத்தாள். அதையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா... இது செவப்பு."

மகள் முகத்தில் விளையாட்டு இல்லை. அருள்பாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு வாரமா பாக்குறேன்யா," என்றார் டீச்சர். "இலைக்கும் செவப்பைத்தான் எடுக்கிறான். கலர் பேர் போட்ட தாள் கிழிஞ்ச கிரேயான்னா, செவப்பும் பச்சையும் அவனுக்கு ஒண்ணாத் தெரியுது. ஏன்டா இப்படிப் போட்டேன்னு கேட்டா, பச்சைதான் டீச்சர்னு சத்தியம் பண்றான். சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும். பெரும்பாலும் அம்மா வழியா வரும். கண் டாக்டர்ட்ட ஒருதடவை காட்டிருங்க. படம்தானேன்னு எல்லாருக்கும் ஏ போட்டு அனுப்பியிருந்தா, எனக்கும் தெரியாமலே போயிருக்கும்."

அருள்பாண்டி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் கிளி..."

"எந்தக் கிளிய்யா?"

அந்தக் கிளிக் கதையை ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவள் அன்னக்கொடி.

"அதுவும் செவப்புக் கிளியாத்தான் இருந்திருக்கும்ப்பா," என்றாள் மெல்ல. "பாவம் பீமாராவ் வாத்தியார், இம்புட்டு வருஷமா திட்டு வாங்கிட்டாரு. இனியாச்சும் அவரை விட்டுருங்க."

"விடுறதா?"

அருள்பாண்டி எழுந்தார். ரேங்க் கார்டை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"இந்தத் தடவை கட்டம் காலியாவே கெடக்கட்டும்மா. ஒவ்வொரு கிரேயான்லயும் கலர் பேரெழுதிக் குடுங்க. அரையாண்டுக்கு என்ன தேறுறானோ, அதைப் போடுங்க. ஓசி ஏ எங்களுக்கு வேண்டாம்."

பிறகு மகளிடம் திரும்பினார்.

"கிளி செவப்பாவே இருந்துட்டுப் போகட்டும். ஏன்டா இப்படிப் போட்டேன்னு இந்த டீச்சர் கேட்டாங்க. அந்த மனுசன் கேக்கலையே. அந்த ஒரு கேள்வி எனக்கு இன்னும் பாக்கி."