பெரிஸ்கோப்புக்கு இரண்டு கண்ணாடி

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் சுவர் முழுக்கக் கண்ணாடி மாட்டி வச்சிருக்கீங்க. நான் கேக்கிறது ரெண்டே ரெண்டு துண்டு. அதுக்குப் போய் இப்படி மூக்கால அழறீங்களேப்பா!"

சலூன்காரர் சட்டையில் ஒட்டியிருந்த முடித் துணுக்குகளைத் தட்டிக்கொண்டிருந்தார். மகள் லேசில் விடுகிற ரகம் இல்லை. நீண்ட விடுப்புக்குப் பிறகு திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறாள். வீட்டுச் சாமான்களை வைத்து ஏதாவது அறிவியல் கருவி செய்து வரச் சொல்லியிருக்கிறாராம் டீச்சர். அவள் பெரிஸ்கோப் என்று முடிவு கட்டிவிட்டாள். டூத்பேஸ்ட் அட்டைப்பெட்டி இரண்டை நீளவாக்கில் ஒட்டியாயிற்று. மேலே ஒரு ஓட்டையும் கீழே ஒரு ஓட்டையும் போட்டாயிற்று. கண்ணாடிதான் பாக்கி. அந்த வீட்டுச் சுவரில் ஆணி இருந்தது, கண்ணாடி இல்லை.

"கண்ணாடி கையைக் கிழிச்சிடும். பழைய சிடி இருக்கு, வெட்டித் தரேன்" என்று அட்டைப்பெட்டியிடம் சொன்னார்.

"சிடியில எல்லாம் கலங்கலாத் தெரியும்பா."

"கலங்கலாத் தெரிஞ்சா குடியா முழுகிடும்?"

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "போன தடவை உங்கப்பா செஞ்சு குடுத்த விஞ்ஞானமே இந்த ஜென்மத்துக்குப் போதும். திரும்ப எதுக்குடி அவரைக் கூப்பிடறே?"

கடையில் என்றால் அவரைப் பேச விட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. நாற்காலிக்குப் பின்னால் நின்று, எதிர்க் கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்சி மாற்றத்திலிருந்து மாமியார் சண்டைவரை அலசுவார். அந்த வாய் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

"அதுல பாக்கிறவங்களோட மூஞ்சி தெரியுமா?" என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்.

"தெரியாதுப்பா. எதிர்ல இருக்கிறதை மேல் கண்ணாடி பிடிச்சுக் கீழ் கண்ணாடிக்குக் குடுக்கும். அது நம்ம கண்ணுக்குக் குடுக்கும். அவ்வளவுதான்."

"நிச்சயமா?"

"நம்பிக்கை இல்லேன்னா டீச்சரையே கேளுங்க."

மறுநாள் மாலை ஒரு பழைய கைக்கண்ணாடியை இரண்டாக வெட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆனால் மகள் நீட்டிய கையில் கொடுக்கவில்லை.

"நீ அந்தப் பக்கம் போய் உக்காரு. நானே ஒட்டறேன்."

"நான் செய்ய வேண்டியதுப்பா!"

"போம்மா, சொன்னாக் கேளு."

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி சாய்வாக ஒட்டி, சுற்றிலும் டேப் போட்டு மூடிய பிறகுதான் அவளைக் கூப்பிட்டார். கத்தரி பிடித்துப் பழகிய கை, துளி பிசகவில்லை. நெற்றிதான் வியர்த்திருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதுலயாவது நெருப்பு வேலை இல்லாமப் போச்சே" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"மேசைக்குப் பின்னால குனிஞ்சு உக்காருங்கப்பா. பெட்டியோட தலை மட்டும் மேல தெரியட்டும். நீங்கதான் முதல்ல பாக்கணும்" என்றாள் மகள்.

"நான் எதுக்கு? நீ பாரு."

"வேலை செய்யுதான்னு பாக்க வேண்டாமா? ஸ்கூல்ல போய் என் மானம் போகணுமா?"

முனகிக்கொண்டே குனிந்து கீழ் ஓட்டையில் கண்ணை வைத்தார். எதிர்ச் சுவர் தெரிந்தது. காலண்டர் பளிச்சென்று தெரிந்தது. தன் வேலை தேறிவிட்டதில் அவருக்கே ஒரு சந்தோஷம்.

"ஜோராத் தெரியுதும்மா!"

"இப்போ?"

காலண்டரை மறைத்துக்கொண்டு ஒரு முகம் வந்தது. ஒரு பாதி அவர் பெற்ற மகள். மறு பாதி, போன தடவை ஸ்பிரிட்டை ஊற்றி அவர் செய்துகாட்டிய பொம்மை எரிமலை தின்றுவிட்டுப் போனது. கன்னத்துத் தோல் உருகிச் சுருண்டு, கண்ணின் ஓரத்தைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது.

அவர் சட்டென்று கண்ணை எடுத்தார்.

"எடுக்காதீங்கப்பா. என் மூஞ்சி எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். சாப்பிடற கரண்டியில தினமும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து நீங்கதான் ஒரு தடவைகூடப் பாக்கலை."

பெட்டியின் தலை மேசைக்குக் கீழே இறங்கியது.

"டீச்சர் எதுவும் செஞ்சுட்டு வரச் சொல்லலைப்பா. கடைக்கு வர்றவங்களைக் கண்ணாடியிலதானே பாத்துப் பேசுவீங்க? இனிமே என்னையும் இதுல பாத்துப் பேசுங்க."