மணலுக்கு வேண்டிய குளிர்

"அம்மா, போற வழியில பனிக்கட்டி உக்காந்துக்கிட்டா தண்ணி என்ன பண்ணும்?"

மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டது. கடலடி மணலை ஆராய்வதே அம்மாவுக்கு வேலை. ஆனாலும் முழுப் பதில் இன்னும் தெரியாது.

அந்த ஆழத்துக் குளிரில் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்துவிடும். மணலோடு மணலாக அது ஒட்டிக்கொண்டால் தண்ணீர் எப்படியோ இடுக்கில் நுழைந்து போய்விடும். இடுக்கின் நடுவில் உட்கார்ந்துவிட்டால், கொஞ்சமே ஆனாலும் வழி அடைபட்டுவிடும்.

எது நடக்கிறது என்று பார்க்கத்தான் மணல் நிறைத்த இரும்பு உருளை ஒன்றைப் பல வாரமாகக் கைக்குழந்தை போலக் குளிரில் வைத்துக் காத்துவந்தாள். நாளை தண்ணீரைச் செலுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை கூடவா மேடம்? மணல் எங்க ஓடிடப்போகுது?" என்றார் வாசல் காவலாளி.

"ஓடாதுண்ணே, உருகிடும்" என்று சிரித்துக்கொண்டே ஆய்வகத்துக்குள் போனாள்.

பக்கத்து மேசைக்காரரின் உருளையைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் நின்றுபோயிருந்தது.

வெப்பமானி முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் உறைந்ததெல்லாம் கலைந்துவிடும். அவருக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது; இந்தச் சோதனை தேறினால்தான் நீட்டிப்பு. மனிதரோ மருத்துவமனையில், மனைவியின் ஆபரேஷன் முடியக் காத்து உட்கார்ந்திருக்கிறார்.

கடவுளே, அந்த அம்மாவைக் காப்பாற்று என்று மனதுக்குள் வேண்டியபடி குழாய்களைக் கழற்றினாள்.

தன் உருளையிலிருந்து.

தன் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் அவருடையதில் மாட்டினாள். முள் தயங்கி நின்றது. பிறகு இறங்கியது.

குளிர் போய் உள்ளே வாயு முட்டுவதற்கு முன் தன் உருளையின் வால்வை மெல்லத் திறந்தாள். வாயு உஸ்ஸென்று வெளியேற்றுக் குழாய்க்குள் போயிற்று. பல வார உழைப்பும் அதோடு போயிற்று.

முன்பொரு முறை மகள் காய்ச்சலில் கிடந்தபோது அவள் ஒரு வாரம் இங்கே வரவில்லை. திரும்பி வந்தபோது அவள் மணல் பத்திரமாக இருந்தது; அவருடையது கெட்டிருந்தது. "என் மெஷின் செத்துடுச்சும்மா, என் ராசி அப்படி" என்று சிரித்தார். பழுதுபார்க்கத் தூக்கிப்போன அந்த மெஷினின் பக்கவாட்டில் ஒரு நசுங்கல். எப்போதோ அவள் கைதவறித் தன் மெஷின் மேலேயே ஸ்பேனரைப் போட்ட இடம் அது.

அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நின்றுபோன மெஷினைத் தன் மேசைக்கடியில் இழுத்துவைத்தாள். அதன் மேல் அவர் ஒட்டியிருந்த சின்னச் சாமி படத்தைக் கிழியாமல் நகத்தால் உரித்தாள்.

ஓடுகிற மெஷினில் ஒட்டினாள். அதே இடத்தில், அதே சாய்வில்.