டிக்... டிக்... சுகாவதி

ஷேர் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரிக்கு வயிறு எரிந்தது. டிரைவர் லோகேஷ் மறுபடியும் ஏமாற்றுகிறான். அதுவும் அவள் கண்ணெதிரிலேயே!

தண்ணி லாரி ஒன்று வழிவிடாமல் குறுக்கே நின்றது. லோகேஷின் வாய் இறுக மூடியிருந்தது. கட்டைவிரல் மட்டும் டிக், டிக் என்று அமுக்கியது.

திருவேற்காட்டுப் புத்த விகாரத்துக்கு வருகிறவர்கள் எல்லார் விரலிலும் இப்போது அந்தக் குட்டி எண்ணும் மெஷின்தான். தைவானிலிருந்து வந்த பிக்கு ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது.

“மேற்கே சுகாவதி என்று ஒரு தூய உலகம் இருக்கிறது. அமிதாப புத்தர் பேரை மனசாரச் சொன்னால் போதும், எப்பேர்ப்பட்டவரையும் அங்கே அழைத்துக்கொள்வார்” என்று அவர் சொன்னதிலிருந்து நம்ம ஜனங்களுக்கு ஒரே குஷி. பாரிமுனைக்காரர்களைவிட நாம் மேற்கே கொஞ்சம் கிட்டே இருக்கிறோமே!

ஒரு தடவை பேர் சொன்னால் ஒரு டிக். பௌர்ணமிக்குள் யார் அதிகமாக ‘நமோ அமிதாபாய’ சொல்கிறார்களோ, அவர்தான் புதுப் புத்தர் சிலைக்குத் திரை விலக்குவார். சங்கத் தலைவர் ஜெயராமன் இப்படி அறிவித்துவிட்டார்.

மாவுக்கடை சாமுண்டீஸ்வரி பிறந்ததிலிருந்து எதிலுமே முதலாவதாக வந்ததில்லை. இதிலாவது வந்தே தீருவது என்று கிரைண்டர் ஓடும்போது சொன்னாள். பாத்திரம் கழுவும்போது சொன்னாள். தொண்டை கட்டிப்போச்சு. திரை விலக்கும்போது கட்டிக்கொள்ள, வெள்ளையில் நீலக் கரை போட்ட புடவைகூட வாங்கி வைத்துவிட்டாள்.

“நமோ அமிதாபாய... இன்னாடா, ஆமை கணக்கா உருட்டுற? பூந்தமல்லி ஓட்டல்காரன் மாவுக்குக் காத்துகினு கீறான்டா, சோம்பேறி!”

அவனைத் தினமும் இப்படித் திட்டாவிட்டால் அவளுக்கு வேன் ஏறிய மாதிரியே இருக்காது. லோகேஷின் கட்டைவிரல் அசைந்தது.

டிக்.

பௌர்ணமி சாயங்காலம் விகாரத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஜெயராமன் ஒவ்வொருவர் விரலாகப் பிடித்து மெஷினைப் பார்த்துக்கொண்டே வந்தார். சாமுண்டீஸ்வரி புதுப் புடவை முந்தானையைத் திருகித் திருகிக் கசக்கிவிட்டாள்.

“முதல் இடம்...” என்று அவர் இழுத்தார். “நம்ம லோகேஷ்! ரெண்டாவது, சாமுண்டீஸ்வரி!”

ஒரே கைதட்டல். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. விருட்டென்று எழுந்தாள்.

“நிறுத்துங்கய்யா! இவன் ஒரு தபா கூட பேரைச் சொல்லல! வாயே தொறக்காம டிக்கு டிக்குனு அமுக்கிகினு வரான். தினம் பக்கத்துல குந்திகினு பாக்கறேன். திருடன்! ஃபிராடு! புத்தர்கிட்டயே டபாய்க்கிறான்யா!”

டிக், டிக், டிக்.

“பாருங்க, பாருங்க! இப்பக்கூட அமுக்கறான்!”

ஜெயராமன் முகம் சுருங்கியது. “இன்னாப்பா இது? நெசமா?”

லோகேஷ் தலையைச் சொறிந்தான். “நெசந்தாங்கய்யா. வாயத் தொறக்க மாட்டேன்.”

“கேட்டீங்களா? அவனே ஒத்துகினான்!” சாமுண்டீஸ்வரி துள்ளினாள்.

“தொறந்தா கெட்ட வார்த்தைதான்யா வரும். என் வாய் எப்பேர்ப்பட்ட வாய்னு ஸ்டாண்டுல கேட்டுப் பாருங்க. அதான், எப்பல்லாம் ஒரு வசவு நாக்கு நுனிக்கு வருதோ, அப்பல்லாம் வாய மூடிகினு மனசுக்குள்ள பேரைச் சொல்லி ஒண்ணு அமுக்குவேன். லாரிக்காரன் வழி உடலியா, ஒண்ணு. சில்லறைக்கு ஒருத்தர் சண்டைக்கு வராரா, ஒண்ணு.”

விகாரமே கொல்லென்று சிரித்தது. ஜெயராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாப்பா, வந்து திரையை விலக்கு” என்றார்.

லோகேஷ் போய்த் திரைக்கயிற்றை எடுத்தான். நேராக வந்து சாமுண்டீஸ்வரியின் கையில் வைத்தான்.

“நீங்களே இழுங்கக்கா. இதுல பாதிக்கு மேல, நீங்க என்னைத் திட்டும்போதெல்லாம் அமுக்குனதுதான்.”