தொண்ணூறு பேர், ரெண்டு லாரி

கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான் ஸ்டாஃப் சார்ஜென்ட் லாசரஸ். எதிரே பென்சிலும் காகிதமுமாகக் காத்திருந்தாள் பிரிஜட்.

“எத்தனை பேரு?” என்று கிசுகிசுத்தாள்.

“தொண்ணூறு. ரெண்டு லாரி. புதன்கிழமை காலைல கிராஞ்சிக் காட்டுல, பழைய கோழிப்பண்ணைக்குப் பின்னாடி. பத்து மணிக்கு ரெஸ்ட்.”

ராணுவ ரகசியத்தை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு, அடியில் கோடு போட்டாள் பிரிஜட். “அப்ப உருளைக்கிழங்கு எட்டு கிலோ வேணும். நாளைக்கே தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன்” என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். பன்னிரண்டு வருஷப் பட்டாள வாழ்க்கையில் லாசரஸுக்கு இன்னும் மூன்றே மாதம் பாக்கி. வெளியே வரும்போது கிடைக்கிற மொத்தப் பணத்தில் ஈசூன் வட்டாரத்தில், உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரிக்கிற கறிபஃப்புக்கு ஒரு கடை போடுவதாகத் திட்டம். அதற்கு முன்னோட்டமாகத்தான் பிரிஜட் தன் தம்பியின் பழைய வெஸ்பா ஸ்கூட்டரில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு, பயிற்சி நடக்கும் காட்டுக்கே போய் விற்றாள். அவள் யார் பெண்டாட்டி என்பது அங்கே ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது.

தெரிந்தால் தொலைந்தது. பட்டாளத்தில் இருக்கும்வரை வெளித்தொழில் கூடாது. அதிலும் பயிற்சி நடக்கிற இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுத் தொழில் செய்தால், மொத்தப் பணமும் போகும், மானமும் போகும்.

புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு வினை வந்தது. வாரண்ட் ஆபீசர் காதர் மைதீன் அவனை மட்டும் தனியாக அழைத்துப்போய், ஆளுயர லாலாங் புல்லுக்குள் உட்காரவைத்தார். மலாய் மரியாதையில் எல்லாரும் ‘என்சிக்’ என்று கூப்பிடும் மனிதர். அவர் முறைத்தால் ரெக்ரூட்டுகளுக்கு மட்டுமல்ல, மேஜருக்கே வேர்க்கும்.

“லாசரஸ், ஸ்கூட்டர்ல ஒரு பொம்பள வந்து கறிபஃப் விக்கிதாமே?”

“அப்... அப்படித்தான் கேள்வி, என்சிக்.”

“எத்தனை மணிக்கு வருது?”

“பத்துக்கு.”

“உள்ள முட்டை வைக்கிதா?”

“கால் முட்டை, என்சிக்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“விலை?”

“இருபது காசு.”

“கால் முட்டை வச்சு இருபது காசா!” என்சிக் அத்தனையையும் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். முட்டைவரைக்கும் துருவுகிற மனுஷன் சும்மாவா விடுவார் என்று நினைத்தான் லாசரஸ்.

“பதினொரு மணிக்குக் கறிபஃப் வேன் ஒண்ணும் வருது, என்சிக்” என்று பேச்சைத் திருப்பப் பார்த்தான். “அதுல யாரும் வாங்குறதில்ல. இருந்தாலும் தப்பு தப்புதானே, அதையும் பிடிச்சிரலாம்.”

“வேனை விடுய்யா! எனக்கு ஸ்கூட்டர்தான் வேணும். மேஜர் காதுக்குப் போக வேணாம், நீயும் நானும் மட்டும் பிடிக்கிறோம்.”

சரியாகப் பத்துக்கு வெஸ்பா சத்தம் கேட்டது. இன்றைக்குப் பார்த்து ஒரு டயர் பஞ்சராகக்கூடாதா, அந்தோனியாரே என்று மனசுக்குள் மன்றாடினான் லாசரஸ். புல்லுக்குமேல் தலையை நீட்டி, ‘போ, போ’ என்று கையைக் கீழ்நோக்கி ஆட்டினான்.

நம் ஊரில் கையைக் கீழ்நோக்கி ஆட்டினால் ‘வா’ என்று அர்த்தம். பதற்றத்தில் அவனுக்கு அது மறந்துபோயிற்று.

வெஸ்பா நேராக அவனை நோக்கி வந்தது. “என்னங்க, வந்துட்டேன்ல! வீட்டுல நாலு தின்னுட்டுத்தானே வந்தீங்க, அதுக்குள்ள என்ன பசி?” என்று தூரத்திலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தாள் பிரிஜட்.

புல்லை விலக்கிக்கொண்டு என்சிக் எழுந்தார். பிரிஜட்டின் பிடியிலிருந்த வெஸ்பா சாயப் பார்த்தது.

“தப்பு என்மேலதான், என்சிக்” என்றான் லாசரஸ். “மூணு மாசத்துல வெளிய போறேன். கையில ஒரு தொழில் இருக்கட்டுமேன்னு... இவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

என்சிக் டின்னைத் திறந்தார். ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, முட்டையை உற்றுப் பார்த்தார். பாதியை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“மசாலா யாரு அரைச்சது?”

“நான்தான், சார்” என்றாள் பிரிஜட், அழுகிற குரலில்.

மிச்சப் பாதியும் உள்ளே போயிற்று. என்சிக் இன்னொன்றை எடுத்தார். அதுவும் போன பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, அத்தனை வருஷ மிடுக்கும் இறங்கிப்போய், தரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“இந்த டிசம்பரோட எனக்கும் பட்டாளம் முடியுது, லாசரஸ்.”

“என்சிக்?”

“என் வீட்டுக்காரி ஆமினா பீவி சுட்டு வேன்ல அனுப்பி, விக்காம திரும்பி வர்றதை எல்லாம், மூணு வாரமா நான்தான்யா தின்னுக்கிட்டு இருக்கேன்!”