செயின் நேராகவில்லை

பைக் எஞ்சினை நாலு சக்கர ரேஸ் வண்டிக்குள் பொருத்துவதற்குள் எவரிஸ்டோவுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. மனைவி ரூஃபினா மாத்தே தேநீரை நீட்டினாள்.

"எப்பத்தான்யா முடியும்? ஞாயித்துக்கிழமை சான் ஹுவான்ல ரேஸ்."

"செயின் நேரா நிக்க மாட்டேங்குதுடி. இந்த வருஷம் விட்டுடலாமே?"

"பயமா?"

"ஆமா. போன வருஷம் வண்டி கவுந்து தோள்பட்டை உடைஞ்சது மறந்துபோச்சா?"

"அதான் எலும்பு கூடிடுச்சே! சும்மா சாக்குச் சொல்லாத."

அலுப்போடு ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

ரூஃபினா ஹெல்மெட்டை மாட்டினாள். உடைந்து கூடிய தன் தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பட்டனைத் தொட்டதும் எஞ்சின் உறுமியது. மெல்ல உருட்டினாள், செயின் சத்தமே இல்லாமல் சுற்றியது.

"நேத்தே முடிச்சிட்டே, இல்ல?"

எவரிஸ்டோ அவள் தாடைக்கடியில் ஹெல்மெட் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.