முதுகில் ஒட்டியது

குளியலறைப் பலகையில் ஒரு பச்சை சோப்பு தேய்ந்து தேய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் பேஸ்ட் டியூப், வாலிலிருந்து கழுத்துவரை பாய்போலச் சுருட்டப்பட்டுக் கிடந்தது.

"என்னைச் சாக்கடையில வீசிடுவாங்களோன்னு ஈரக்குலை நடுங்குது அண்ணே," என்றது சோப்பு.

"சௌந்தரம்மா எதையும் வீச மாட்டாங்க. எனக்கு அதுதான் பயம்," என்றது டியூப். "நேத்து என்மேல சப்பாத்திக் கட்டையை உருட்டினாங்க. ஷாம்பு பாட்டிலைப் பாரு. வயிறு நிறையத் தண்ணியை ஊத்தித் தலைகீழா நிக்க வச்சிருக்காங்க."

சொல்லி வாய் மூடவில்லை, சௌந்தரம்மா கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள். "இன்னும் ரெண்டு நாளைக்கு வரும்," என்று டியூபின் வயிற்றைக் கிழித்து, உள்ளே ஒட்டியிருந்ததைப் பிரஷ்ஷால் வழித்தாள். டியூப் அப்புறம் பேசவே இல்லை.

அவள் கை சோப்பின் பக்கம் திரும்பியது. சோப்பு பலகையோடு ஒட்டிக்கொண்டது. அவளோ புது மஞ்சள் சோப்பு ஒன்றைப் பிரித்து நனைத்தாள். பச்சையை அதன்மேல் முதுகோடு முதுகாக வைத்து, ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

பச்சைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என் முதுகுல யாரு?" என்று மஞ்சள் நடுங்கியது.

"நான்தான், பயப்படாதே தம்பி. நான் புதுசா வந்தப்ப என் முதுகுலயும் இப்படித்தான் ஒரு ரோஸ் சோப்பை ஒட்டினாங்க. பாவம், அது எப்பவோ கரைஞ்சு போயிருக்கும்."

இரண்டுக்கும் நடுவிலிருந்து ஈனக்குரல் ஒன்று கேட்டது.

"இன்னுமா என்னை விடலை?"