எழுபத்தெட்டு சுற்று

"நூத்தி எட்டு, நூத்தி ஒன்பது, நூத்திப் பத்து... நிறுத்துங்க, நிமிஷம் ஆயிடுச்சு!"

அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கிராமபோனில் சுழன்ற இசைத்தட்டின் ஓரத்தில் மெக்கானிக் ஒரு காகிதத் துண்டைச் செருகியிருந்தார். அது சுற்றிச் சுற்றி வருவதை எண்ணும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்தவேண்டிய பெட்டிம்மா இது. நூத்திப் பத்து சுத்தினா யார் பாடினாலும் கீச்சுக்குரல்தான் வரும்" என்றார் மெக்கானிக்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பிறந்த மறுவாரமே அம்மா போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காக அம்மா பாடி வைத்தது என்று அப்பா கொடுத்த இந்தத் தாலாட்டு ஒன்றுதான் மிச்சம். நாற்பது வருஷமாகக் கீச்சுக்குரலிலேயே கேட்டிருக்கிறாள். அம்மாவின் நிஜமான குரலை இன்றைக்குக் கேட்டுவிடலாம்!

"அப்பா, கேட்டீங்களா? கோளாறு கிராமபோன்லதானாம்!"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா, "நல்லா ஓடுறதை எதுக்கும்மா பிரிக்கணும்? வீட்டுக்குப் போயிடலாம் வா" என்றார். காலையிலிருந்து நாலாவது தடவை.

"உங்களுக்கென்ன, அம்மாவோட வாழ்ந்தவரு. நான் ஒரு தடவையாவது கேக்க வேண்டாமா?"

அப்பா ஸ்டூலை வாசல் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக் பெட்டியைக் கவிழ்த்து உள்ளே டார்ச் அடித்தார். "ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு. வேகத்தை அடக்குற குண்டு மூணும் சரியாத்தான் சுத்துது. அப்புறம் எங்கேதான்... அட, மாட்டிக்கிச்சு!"

"என்ன? என்ன?" அவள் தலை அவர் தலையில் இடித்தது.

பிரேக் தோலுக்கு அடியிலிருந்து நகம் அளவு பித்தளைத் துண்டு ஒன்று இடுக்கியில் வந்தது. "தோல் போய் அழுத்தினாத்தானே வேகம் குறையும்? அது அழுத்தாதபடி இதைச் சொருகியிருக்காங்க. தானா வந்து உக்கார்ற சாமானா இது? எந்தப் புண்ணியவான் வேலையோ!"

அப்பா இருமினார்.

ஒரு சொட்டு எண்ணெய், திருகில் அரைச் சுற்று. மறுபடி காகிதத் துண்டு, மறுபடி எண்ணிக்கை.

"எழுபத்தாறு, எழுபத்தேழு, எழுபத்தெட்டு!" இரண்டு பேரும் சேர்ந்தே கத்தினார்கள். மெக்கானிக் எண்ணெய்க் கையோடு கைதட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே ஊசியை இறக்கினாள்.

தாலாட்டு நிதானமாகக் கிளம்பியது. அவள் சிரிப்பு பாதியில் நின்றது. திருகைத் தொடப்போன மெக்கானிக் கையை இழுத்துக்கொண்டார்.

பாடியது ஓர் ஆண்.

"மூணு வயசுல, அம்மா பாடினாத்தான் தூங்குவேன்னு ஒரே அழுகைம்மா நீ..." என்றார் அப்பா, கிராமபோன் புனலிலிருந்து வந்துகொண்டிருந்த அதே குரலில்.